பட்டணத்துக்கு வீடு வேணும், சரி! அதுக்குப் பலி நம்ம காடு தோட்டமா?



அயோத்தியாப்பட்டணம், மாசிநாயக்கன்பட்டி, உடையாப்பட்டி, வலசையூர், மின்னாம்பள்ளி, காரிப்பட்டி, குப்பனூர்... எந்தப் பக்கம் போனாலும் ஒரே காட்சிதான். போன வருசம் நிலக்கடலை போட்ட காட்டுல இந்த வருசம் வரிசையா வெள்ளைக் கல்லு. குச்சிக்கிழங்கு நின்ன இடத்துல கொடித் தோரணம். நடுவுல ஒரு பெரிய போர்டு: "மெயின் ரோட்டுக்கு மிக அருகில், உடனே வீடு கட்டலாம், வங்கிக் கடன் வசதி உண்டு." கெணத்து மேட்டுல நின்னு பார்த்தா, நம்ம தோட்டத்துக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவுல ஒரே ஒரு வரப்புதான் பாக்கி.

இது ஏதோ புரோக்கர்கள் செய்யிற வேலைன்னு மட்டும் நினைச்சிடாதீங்க. இதுக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு, ஒரு வரைபடம் இருக்கு, ஒரு சட்டம் இருக்கு. "இன்னும் இருபது வருசத்துல இந்த நகரத்துக்கு எத்தனை வீடு தேவை? அதுக்கு எவ்வளவு நிலம் தேவை? அந்த நிலம் எங்கே இருக்கு?" என்று நகரமைப்பு அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கின் கடைசி வரியில் வந்து நிற்பது உங்கள் சர்வே நம்பர்! ஆனால் அந்தக் கணக்கைப் போடும்போது நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாத விருந்துக்கு நாம் போக வேண்டாம். ஆனால் அறுக்கப்போவது நம் வீட்டு ஆடு என்றால் போய்க் கேட்காமல் இருக்க முடியுமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வீடு கட்டுவதற்கு நாம் எதிரி அல்ல. நம்ம பிள்ளைகளே இன்னிக்கு அம்மாபேட்டையிலும் சூரமங்கலத்திலும் வாடகை வீட்டில்தான் இருக்காங்க. பட்டறைக்குப் போறவங்க, தறி ஓட்டுறவங்க, கடையில நிக்கிறவங்க, எல்லாருக்கும் தலைக்கு மேல கூரை வேணும். நம் கேள்வி மூன்றுதான். யாருக்கு வீடு? எந்த நிலத்தில்? யாரைக் கேட்டு?

கணக்கு எப்படிப் போடுறாங்க?

1971-ல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து 'உள்ளூர்த் திட்டப் பகுதி' என்று கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டுக்குள் எந்த நிலம் குடியிருப்பு, எது வியாபாரம், எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று கலர் அடித்து வைப்பதுதான் மாஸ்டர் பிளான், அதாவது முழுமைத் திட்டம். பொதுவாகக் குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை.

எவ்வளவு மஞ்சள் அடிப்பது என்பதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். மக்கள் தொகை இத்தனை கூடும். அதைக் குடும்பத்துக்கு நாலு பேர் என்று வகுத்தால் இத்தனை வீடு. வீட்டுக்கு இவ்வளவு இடம் என்று பெருக்கினால் இத்தனை ஏக்கர். பள்ளிக்கூடத்துப் பையன்கூடப் போட்டுவிடுவான். ஆனால் இதில் மூன்று ஓட்டை இருக்கிறது.

முதல் ஓட்டை, தலைக்கணக்கு. கடைசியாக மக்கள் தொகை எடுத்தது 2011-ல். 2021-ல் எடுத்திருக்க வேண்டியது தள்ளிப்போய் 2027 கணக்கெடுப்பாக ஆகிவிட்டது. அதுவரைக்கும் எந்த நகரம் திட்டம் போட்டாலும் பழைய தலைக்கணக்கை வைத்து ஊகம் செய்ததுதான். ஊகத்தில் கொஞ்சம் கூட்டிப் போட்டால் சில நூறு ஏக்கர் கூடுதலாக மஞ்சள் ஆகிவிடும்.

இரண்டாவது ஓட்டை, இடக்கணக்கு. இதை நாமே போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ரோடு, பூங்கா என்று நூற்றுக்கு 40 பங்கு போனால் மிச்சம் 26,000 சொச்சம். 1,200 சதுர அடி மனையாகப் போட்டால் ஏக்கருக்கு 22 மனை. 2001-க்கும் 2011-க்கும் இடையில் சேலம் மாநகராட்சியில் ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் பேர் கூடினார்கள். நாலு பேருக்கு ஒரு வீடு என்றால் சுமார் 33 ஆயிரம் வீடு. இதைத் தனித்தனி மனையாகக் கொடுத்தால் 1,500 ஏக்கர் வேண்டும். அதே மனையில் தரைத்தளம், அதன் மேல் இரண்டு மாடி என்று மூன்று குடும்பத்துக்குக் கட்டினால் 500 ஏக்கர் போதும். தேவை ஒன்றுதான், குடும்பம் ஒன்றுதான். வித்தியாசம் 1,000 ஏக்கர்! அந்த ஆயிரம் ஏக்கர் யாருடையது? வானத்திலிருந்தா விழுந்தது?

சேலம் மாநகராட்சியின் பரப்பு 91.34 சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி மக்கள் சுமார் 8 லட்சத்து 29 ஆயிரம். ஹெக்டேருக்கு 90 பேர் சொச்சம்தான் வருகிறது. இந்த அளவு நகரங்களில் கட்டடம் எழுந்த பகுதியில் ஹெக்டேருக்கு 100 முதல் 150 பேர் இருக்கலாம் என்பது மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டி. சேலத்துக்குள் மலை இருக்கு, ஏரி இருக்கு, ரயில்வே நிலம் இருக்கு. அதையெல்லாம் கழித்தால் நெருக்கம் கூடத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குள்ளே முள்ளு முளைச்சுக் கிடக்கிற காலி மனை எத்தனை, பூட்டிக் கிடக்கிற பழைய மில் எத்தனை, பாதியில் நிற்கிற கட்டடம் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். அதை எண்ணாமல் எங்க காட்டுக்கு ஏன் டேப்பை எடுத்துக்கிட்டு வர்றீங்க?

மூன்றாவது ஓட்டைதான் பெரிய ஓட்டை. வீடு யாருக்கு இல்லை? 2012-ல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, நாட்டின் நகரங்களில் 1 கோடியே 87 லட்சம் வீடு பற்றாக்குறை என்றது. தமிழ்நாட்டில் மட்டும் 12 லட்சத்துக்கு மேல். இதில் நூற்றுக்கு 95-க்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும்தான் பற்றாக்குறை. அதிலும் முக்கால்வாசிக்கு மேல் வீடே இல்லாதவர்கள் அல்ல. ஒரே அறையில் அம்மா அப்பா, மகன் மருமகள் என்று நெருக்கியடித்துக் கிடப்பவர்கள். அதே காலத்தில், 2011 கணக்கெடுப்பில், நாட்டின் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் 1 கோடியே 10 லட்சம்!

இதை நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் வீடில்லாத ஏழை. இன்னொரு பக்கம் ஆளில்லாத வீடு. நம்ம காட்டுல போடுற மனையை வாங்குறது அந்த ஏழையா? தறிக்காரர் வாங்கினாரா, சித்தாள் வாங்கினாரா? பணம் உள்ளவங்க முதலீடுன்னு வாங்கிப் போட்டு, கம்பி வேலி கட்டி, பத்து வருசமா சீமைக்கருவேல் வளர்க்கிறாங்க. வெள்ளாமையும் இல்லை, வீடும் இல்லை. விவசாயியும் தோத்தான், வீடில்லாதவனும் தோத்தான்!

முப்பது வருசம் தூங்கின திட்டம்

கோயம்புத்தூரைப் பாருங்க. அந்த ஊர் மாஸ்டர் பிளான் 1994-ல் அங்கீகாரம் பெற்றது. அதற்கு அடுத்த வரைவு வெளியானது 2024 பிப்ரவரியில். நடுவில் முப்பது வருசம்! சென்னையில் முதல் மாஸ்டர் பிளான் 1970-களில், இரண்டாவது 2008-ல். திட்டம் தூங்கும், ஊர் தூங்குமா? திட்டம் தூங்கின இந்த இடைவெளியில்தான் தமிழ்நாடு முழுக்க அங்கீகாரம் இல்லாத மனைகள் காளான் மாதிரி முளைத்தன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று தடை போட்டது. பிறகு 2017-ல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்தது.

விளைவு என்ன? மகள் கல்யாணத்துக்கு அஞ்சு சென்ட் விற்க நினைத்த சிறு விவசாயி சப்-ரிஜிஸ்தார் ஆபீசுக்கு அலையா அலைந்தார். நூறு ஏக்கரில் மனை போட்டு விற்றுவிட்டுப் போனவர் கையில் பணம் முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. திட்டம் தாமதமானால் அடி வாங்குவது எப்போதும் சிறியவன்தான்.

அவசரத் திட்டத்தாலும் அடிதான். சென்னை தியாகராய நகர் எங்கே நிற்கிறது தெரியுமா? அங்கே இருந்தது நீண்ட ஏரி. 1920-ல் வந்த சென்னை நகரமைப்புச் சட்டத்தின் கீழ், 1923 வாக்கில் ஏரியை வடித்துவிட்டு மனை போட்டார்கள். பின்னாளில் முகப்பேர் போன்ற இடங்களிலும் ஏரி நிலத்தில் குடியிருப்பு வந்தது. நீர் தன் இடத்தை மறக்குமா? 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வந்து கேட்டது.

நம்ம பக்கமும் இதே கதைதான். சேர்வராயன் மலையில் பெய்யிற மழை ஓடை வழியா ஏரிக்கு வரணும், ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குப் போகணும். மனை போடுறவர் ஓடையை மேடாக்கி ரோடு போட்டுடுறார். அதுக்கப்புறம் மழை பெஞ்சா மனைக்குள்ளே தண்ணி, மழை இல்லாட்டி ஏரிக்குள்ளே புழுதி. ஆயிரம் அடி போர் போட்டும் காத்துதான் வருதுன்னு புலம்புறோமே, மேலே வழியை அடைச்சுட்டா கீழே ஊத்து எங்கிருந்து வரும்? திருமணிமுத்தாற்றைப் பாருங்க. அதே மலையில பிறந்து, சேலத்துச் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்துக்கிட்டு நாமக்கல் பக்கம் போகுது. அந்தத் தண்ணியை நம்பியும் விவசாயிங்க இருக்காங்க. வீடு கட்டத் திட்டம் போட்டவங்க கக்கூஸ் தண்ணி எங்கே போகும்னு திட்டம் போடலை. அந்தப் பாவம்தான் ஆத்துல ஓடுது.

பச்சை மஞ்சளாகிற நாள்

மாஸ்டர் பிளானில் உங்கள் தோட்டம் பச்சையாக இருக்கிறது என்று வையுங்கள். விவசாயம் காப்பாற்றப்படுகிறது, நல்லதுதானே என்று தோன்றும். பாதி உண்மை. பச்சை நிலத்துக்கு விலை குறைவு. "இது விவசாய மண்டலம், மனை போட அப்ரூவல் கிடைக்காது" என்று சொல்லியே அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். கஷ்டத்தில் இருப்பவர் கொடுத்துவிடுவார். வாங்கியவர் நில உபயோக மாற்றத்துக்கு மனு போடுவார், பச்சை மஞ்சளாகும். ஒரே ஒரு கையெழுத்தில் விலை பல மடங்கு ஏறும். அந்த லாபம் உழுதவனுக்கா போனது? அந்த வட்டாரத்துக்குச் சாக்கடையாக, குடிநீராக, பள்ளிக்கூடமாகவாவது வந்ததா? இல்லை. வரைபடம் மாறப்போவதை முன்னாலேயே தெரிந்துகொண்டவர் பைக்குப் போனது.

ஆகவே உழவர்களே, நிலத்தின் விலையைத் தீர்மானிப்பது மண் மட்டும் அல்ல, வரைபடத்தின் கலரும்தான். அந்தக் கலரை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் ஜெயிக்கிறார்கள். நாம் கடைசியில் பார்க்கிறோம்.

பூட்டி வைத்த நிலம்

இன்னொரு கொடுமை உண்டு. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. வாரியத்தின் வீடுகளால் நடுத்தரக் குடும்பங்கள் பயன் பெற்றதை மறுக்க முடியாது. ஆனால் 1894-ஆம் வருசத்து வெள்ளைக்காரன் சட்டத்தை வைத்து வாரியத்துக்காக நோட்டீஸ் விட்ட நிலங்கள் பல ஊர்களில் என்ன ஆயின? 4(1) நோட்டீஸ் வந்ததோடு சரி. எடுத்துக்கொள்ளவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. கோவை பக்கம் 1980-களில் நோட்டீஸ் வாங்கிய குடும்பங்கள் தலைமுறை தாண்டியும் தடையில்லாச் சான்றுக்கு அலைந்தார்கள். விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, பாகம் பிரிக்க முடியாது. அவர்கள் நிலத்தின் பத்திரம் இருந்தும் அது வெறும் காகிதம்.

2013-ல் புதிய நிலமெடுப்புச் சட்டம் வந்தது. 2014 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பழைய நோட்டீஸ்கள் ரத்தாகும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நிலத்தைச் சுவாதீனம் எடுக்காமலும் இருக்க வேண்டும், பணம் கொடுக்காமலும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் ரத்து என்று தீர்ப்பளித்தது. ஒன்று நடந்திருந்தாலும் நிலம் போனது போனதுதான்.

ஆனால் நம் கையில் ஒரு ஆயுதமும் இருக்கிறது. 1971 சட்டத்தின் 38-வது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். மாஸ்டர் பிளானிலோ விரிவான வளர்ச்சித் திட்டத்திலோ உங்கள் நிலத்தை ரோட்டுக்கு, பூங்காவுக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு, அறிவிப்பு வந்து மூன்று வருசத்துக்குள் சட்டப்படி எடுக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகவே கருத வேண்டும். இதைச் சொல்லி நீதிமன்றத்தில் ஜெயித்தவர்கள் உண்டு. ஆனால் ஆபீசில் கேட்டால் யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

ஊராட்சி மாநகராட்சியானால்...

"மாநகராட்சியில் சேர்ந்தா ரோடு வரும், லைட்டு வரும், விலை ஏறும்" என்று ஆசை காட்டுகிறார்கள். வரட்டும். ஆனால் போவது என்ன என்றும் பார்ப்போம். 2013 சட்டப்படி, ஊரகப் பகுதியில் நிலம் எடுத்தால் சந்தை மதிப்பை நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து 1 முதல் 2 வரையுள்ள எண்ணால் பெருக்க வேண்டும். நகர்ப்பகுதி என்றால் பெருக்கல் 1 மட்டும்தான். அதன் மேல் அதே அளவு ஆறுதல் தொகை. பத்து லட்ச ரூபாய் நிலத்துக்கு நகரத்தில் இருபது லட்சம் வரும். கிராமத்தில் முழுப் பெருக்கல் கிடைத்தால் நாற்பது லட்சம் வரும். ஊராட்சி என்ற பெயர்ப்பலகையை இறக்கினால் இந்த உரிமையும் சேர்ந்தே இறங்குகிறது. அயோத்தியாப்பட்டணம் பேரூராட்சிக்குள் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே பெருக்கல் 1-தான். சுற்றியுள்ள ஊராட்சிகளும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டுமா? ஊரக வேலை உறுதித் திட்டமும் நகரத்தில் கிடையாது. கிராம சபையும் போய்விடும். வீட்டு வரி கூடலாம், பாதாளச் சாக்கடைக் கட்டணமும் வரலாம். சேருவதா வேண்டாமா என்பதை ஊர் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். அரசாணையைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை வேண்டாம்.

வழிகாட்டி மதிப்பிலும் கவனம் வேண்டும். நட்டஈட்டுக்கு வழிகாட்டி மதிப்பு, பக்கத்து நிலங்களின் கிரயப் பத்திரம் இரண்டையும் பார்த்து, எது கூடுதலோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். பத்திரச் செலவு மிச்சம் என்று நாம் சந்தோசப்பட்டோம். அடுத்த வருசமே, 2018-ல், சென்னை-சேலம் எட்டுவழிச் சாலை என்று குப்பனூர், ஆச்சாங்குட்டப்பட்டி, இராமலிங்கபுரம் பக்கம் அளவுக்கல் நட வந்தார்கள். பெண்கள் வயலில் உட்கார்ந்து அழுததை நாடே பார்த்தது. குறைந்த மதிப்பில் பத்திரம் எழுதினவர்களுக்கு அப்போதுதான் சூடு உறைத்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லும் என்றது. ஆனாலும் ஒன்றை அந்தப் போராட்டம் நிரூபித்தது. கட்சி பார்க்காமல், சாதி பார்க்காமல் ஊர் ஒன்றாக நின்றால், "வேண்டும்" என்று அரசு சொன்னதையும் நின்று கேள்வி கேட்க முடியும்.

"வித்துட்டா என்ன தப்பு?"

நம்மிலேயே சிலர் கேட்கிறீங்க. "மழை இல்லை, ஆள் இல்லை, கிழங்கு விலை சேகோ பாக்டரிக்காரன் சொல்றதுதான் விலை. பையன் படிச்சுட்டு பெங்களூருல இருக்கான். வர்ற விலைக்கு வித்துட்டா என்ன?" நியாயமான கேள்வி. விற்பது உங்கள் உரிமை. யாரையும் தடுக்கச் சங்கம் இல்லை. ஆனால் விற்ற பணம் எத்தனை நாள் நின்றது என்று பக்கத்து ஊரில் விசாரித்துப் பாருங்கள். வீடு கட்டினது, வண்டி வாங்கினது, கல்யாணம் செஞ்சது போக மிச்சம் என்ன? சொந்தத் தோட்டத்தில் முதலாளியாக இருந்தவர், அதே இடத்தில் எழுந்த அப்பார்ட்மென்டுக்கு ராத்திரி வாட்ச்மேனாக நிற்பது எவ்வளவு பெரிய வேதனை!

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. புனே நகரத்தில் மகர்பட்டா என்ற இடத்தில் 120-க்கு மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள், சுமார் 400 ஏக்கரை பில்டருக்கு விற்காமல், தாங்களே கம்பெனி அமைத்தார்கள். ஒவ்வொருவரின் நிலத்துக்கு ஏற்பப் பங்கு. தாங்களே நகரம் கட்டினார்கள். பங்கும் வாடகையும் பேரப்பிள்ளை வரை வருகிறது. குஜராத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலங்களை ஒன்று சேர்த்து, ரோட்டுக்கும் பூங்காவுக்கும் பிடித்தது போக மிச்சத்தை வளர்ச்சி செய்த மனையாக உடையவருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இப்படி நிலத்தொகுப்புத் திட்டத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஆந்திராவில் அமராவதி தலைநகருக்காக 2015-ல் விவசாயிகள் சுமார் 33,000 ஏக்கரைத் தொகுப்பில் கொடுத்தார்கள். 2019-ல் ஆட்சி மாறியது, மூன்று தலைநகர் என்றார்கள், வேலை நின்றது. மனையும் இல்லாமல் மண்ணும் இல்லாமல் அந்த விவசாயிகள் வருசக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 2024-ல் மறுபடி ஆட்சி மாறிய பிறகுதான் வேலை தொடங்கியது. நிலம் கொடுப்பது ஒரு நாள் வேலை. வாக்குறுதி காப்பாற்றுவது பல ஆட்சிகளின் வேலை. நிலத்தைக் கொடுப்பதற்கு முன்னே, திருப்பித் தர வேண்டிய தேதியும், தராவிட்டால் என்ன என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நம் ஊரில் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் என்றால், நடுவில் உள்ள ஏரி, ஓடையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வேறு நிலத்தை மாற்றிக்கொள்ள வழி செய்யும் சட்டம் அது. ஏரியை மாற்றி வைக்க அது என்ன பீரோவா?

நம் கோரிக்கைகள்

1. சேலம் முழுமைத் திட்ட வரைவு எப்போது வெளியானாலும், அது தமிழில், சர்வே நம்பர் வாரியாக, ஒவ்வொரு ஊராட்சி, பேரூராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். ஆட்சேபணைக்குச் சட்டம் தரும் இரண்டு மாத அவகாசம் அந்த ஒட்டிய நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

2. நகருக்குள் உள்ள காலி மனை, பூட்டிய வீடு, பயன்படாத அரசு நிலம், மூடிய ஆலை நிலம் ஆகியவற்றின் கணக்கை முதலில் வெளியிட வேண்டும். அதன் பிறகுதான் விவசாய நிலத்தில் கை வைப்பது பற்றிப் பேச்சு.

3. இருபோகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாத கடைசி நிலையில்தான் எடுக்கலாம் என்ற 2013 சட்டத்தின் விதியை மாஸ்டர் பிளானிலும் பின்பற்ற வேண்டும். கிணற்றுப் பாசனத் தோட்டத்தையும் பாசன நிலமாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

4. ஏரி, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை அத்தனையும் பழைய புலப்படத்தின்படி அளந்து கல் நட்ட பிறகே எந்த லேஅவுட்டுக்கும் அங்கீகாரம் தர வேண்டும்.

5. 2019 விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பூங்காவுக்கும், நலிந்த பிரிவினருக்கும் தலா 10 சதவீதம் ஒதுக்க வேண்டும். இதைத் தட்டிக்கழிக்க நிலத்தைத் துண்டு துண்டாகக் காட்டுவதை அனுமதிக்கக் கூடாது. ஒதுக்கிய மனை உள்ளூர் நிலமற்ற கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கே முதலில் கிடைக்க வேண்டும்.

6. பச்சை மஞ்சளாக்கப்படும்போது ஏறும் விலையில் ஒரு பங்கு, கடைசி ஐந்து வருசத்துக்குள் அந்த நிலத்தை விற்ற உழவருக்குப் போய்ச் சேரச் சட்டம் வேண்டும்.

7. வருசக்கணக்கில் நோட்டீஸில் பூட்டி வைத்த நிலங்களை ஒன்று எடு, பணத்தைக் கொடு, இல்லையேல் விடு!

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது

பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று நாலையும் எடுத்து வையுங்கள். தாத்தா பேரில் உள்ள பட்டாவை உங்கள் பேருக்கு மாற்றுங்கள். பட்டாவில் பேர் இல்லாவிட்டால் ஆட்சேபணைக்கும் நட்டஈட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும். நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் உங்கள் சர்வே நம்பர் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். கிராம சபை கூடும்போது "எங்கள் ஊர் விவசாய நிலத்தை எங்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது" என்று தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். பேரூராட்சிக்குள் இருப்பவர்கள் பேரூராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது பெறுங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஒரு ஆள் பேசினால் புகார். நூறு பேர் ஒரே மனுவோடு போனால் அது போராட்டம். யாராவது வந்து அட்வான்ஸ் கொடுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பட்டணம் வளரட்டும். ஆனால் அந்தப் பட்டணத்துக்குக் காலையில பால் போறது நம்ம தொழுவத்துல இருந்து. உழவர் சந்தைக்குக் கத்தரியும் தக்காளியும் போறது நம்ம தோட்டத்துல இருந்து. பூக்கடைக்கு மல்லி போறது நம்ம காட்டுல இருந்து. எதிர்காலத்துல எத்தனை வீடு வேணும்னு கணக்குப் போடுற அதிகாரிகளே, அந்த வீடுகள்ல எத்தனை அடுப்பு எரியும், அந்த அடுப்புல எதை வெச்சுச் சமைப்பாங்கன்னும் சேர்த்துக் கணக்குப் போடுங்க!

வீடில்லாதவனுக்கு வீடு கொடு! விவசாயி நிலத்தை விட்டு விடு!

எங்களைக் கேட்காத வரைபடம் எங்களைக் கட்டுப்படுத்தாது!

ஏரியும் ஓடையும் ஊர்ச் சொத்து! விலை பேசாதே! விலை பேசாதே!

ஒன்றுபடுவோம்! உரிமை கேட்போம்! வென்று காட்டுவோம்!